நலவாழ்வுச் சேவைகளில் மக்கள் ஆளுகை

நலவாழ்வுச் சேவைகளில் மக்கள் ஆளுகை என்பது, ஒரு பகுதியில் இயங்கும் மருத்துவமனை, மருந்தகம், நோய்த்தடுப்புப் பணி முதலியவற்றை நடத்தும் அதிகாரம், அப்பகுதியில் வாழ்ந்து அவற்றைப் பயன்படுத்தும் மக்களின் கையில் இருக்க வேண்டும் என்னும் கொள்கையாகும். இக்கொள்கையைச் செயற்படுத்த மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளையும் இப்பெயராலேயே குறிப்பர். 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் பெருநகரங்களில் கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் நெருக்கமாக வாழ்ந்த வறிய பகுதிகளில் இது ஓர் இயக்கமாக உருப்பெற்றது. நியூயார்க் நகரின் தெற்கு பிரான்க்ஸ் பகுதியிலுள்ள லிங்கன் மருத்துவமனையில் 1969 முதல் 1978 வரை நடந்த நிகழ்வுகள் இதன் மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். இக்கட்டுரை பெரும்பாலும் அந்நிகழ்வுகளையும், அவற்றுக்கு இணையாக அமெரிக்கச் சட்டத்தில் இடம்பெற்ற ஏற்பாடுகளையும் விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

இக்கொள்கையைச் சிலர் 'சமூகக் கட்டுப்பாடு' என மொழிபெயர்ப்பர். ஆனால் தமிழில் அச்சொல் வேறு பொருள் தரக்கூடியது. 'ஊர்க் கட்டுப்பாடு' என்றால் ஊரார் கூடித் தனிமனிதரைக் கட்டுப்படுத்துவது என்றே நாம் விளங்கிக்கொள்வோம். இங்குப் பேசப்படுவது அதற்கு ஏறத்தாழ எதிரானது. கட்டுப்படுத்தப்படுவது மனிதர் அல்லர், நிறுவனமே. எனவே இங்கு 'ஆளுகை' என்ற சொல் பயன்படுத்தப்படுகிறது.

ஆளுகையைப் பங்கேற்பிலிருந்து பிரித்தறிவது இன்றியமையாதது. ஒரு மருத்துவமனை மக்களிடம் கருத்துக் கேட்கலாம். கருத்துப் பெட்டி வைக்கலாம். ஊர்ப் பெரியவர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றையும் அமைக்கலாம். இவற்றுள் எதுவும் ஆளுகை ஆகாது. தலைமை மருத்துவரை அல்லது இயக்குநரை நியமிப்பவர் யார்? ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திற்கு ஒப்புதல் அளிப்பவர் யார்? நோயாளியின் முறையீட்டை விசாரித்து முடிவு கூறுபவர் யார்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை 'அப்பகுதி மக்கள்' என்று இருக்குமானால் மட்டுமே அதனை மக்கள் ஆளுகை எனலாம்.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துக் காட்டியவர் அமெரிக்கரான ஷெரி ஆர்ன்ஸ்டீன். மருத்துவமனைகளில் நிறப் பிரிவினையை நீக்கும் அரசுப் பணியிலும் ஈடுபட்டிருந்த இவர், குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக உருவகித்து 1969 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கருத்துக் கேட்பு இவ்வேணியின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. உச்சிப் படியே குடிமக்கள் ஆளுகை. அடியிலிருந்து இரண்டாம் படிக்கு அவர் இட்ட பெயர் 'சிகிச்சை' என்பதாகும். அதிகாரமற்றவர்களின் குறையைக் கேட்பதற்கு மாறாக, குறை கூறுவதையே ஒரு நோயாகக் கருதி அவர்களைக் 'குணப்படுத்த' முயல்வதை அவர் அவ்வாறு அழைத்தார். அதே 1969 ஆம் ஆண்டில் லிங்கன் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நடந்ததை அறிந்தோருக்கு இப்பெயர் மிகப் பொருத்தமாகத் தோன்றும்.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்க நகரங்களின் நடுப்பகுதிகளிலிருந்து வெள்ளையின நடுத்தர வகுப்பினர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களோடு தனியார் மருத்துவர்களும் வெளியேறினர். அவ்விடங்களில் குடியேறிய வறிய மக்களுக்கு நகராட்சி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவே குடும்ப மருத்துவராகவும் ஆயிற்று. சாதாரணக் காய்ச்சலுக்கும் அங்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

நியூயார்க்கில் இதனோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. நகராட்சி மருத்துவமனைகளுக்கு மருத்துவர்கள் கிடைக்காமையால், 1960களின் தொடக்கத்தில் நகர அரசு தனியார் மருத்துவக் கல்லூரிகளுடனும் பெரிய தனியார் மருத்துவமனைகளுடனும் ஒப்பந்தம் செய்துகொண்டது. அவை நகர அரசிடம் பணம் பெற்று, பொது மருத்துவமனைகளுக்கு மருத்துவர்களை அனுப்பின. லிங்கன் மருத்துவமனை ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் பொறுப்பில் வந்தது. இதனால் மருத்துவத் தரம் ஓரளவு உயர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கல்லூரியின் நோக்கம் கற்பித்தலும் ஆய்வும் ஆகும். அதற்கு ஏற்ற நோயாளிகள் எவரோ அவரே அதன் கவனத்தைப் பெற்றனர். 1968 இல் தொடங்கப்பட்ட நலவாழ்வுக் கொள்கை ஆலோசனை மையம் என்னும் ஆய்வுக் குழு, இத்தகைய கல்லூரி-மருத்துவமனைக் கூட்டுகளை 'மருத்துவப் பேரரசுகள்' எனப் பெயரிட்டுக் கடுமையாக விமர்சித்தது. நோயாளி வரி செலுத்துகிறார், அவ்வரி கல்லூரிக்குச் செல்கிறது, ஆயினும் கல்லூரி அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்படவில்லை என்பதே அவ்விமர்சனத்தின் சாரம்.

கொலம்பியா பாயிண்ட்

முதல் மாற்று முயற்சி அரசுப் பணத்திலேயே தொடங்கியது. 1964 ஆம் ஆண்டின் பொருளாதார வாய்ப்புச் சட்டம், வறுமை ஒழிப்புத் திட்டங்களில் பயனாளிகள் 'இயன்ற அளவு முழுமையாகப்' பங்கேற்க வேண்டும் என விதித்திருந்தது. அச்சட்டத்தின் நிதியைக் கொண்டு ஜாக் கைகர், கவுண்ட் கிப்சன் என்னும் இரு மருத்துவர்கள் 1965 டிசம்பரில் பாஸ்டன் நகரின் கொலம்பியா பாயிண்ட் அரசுக் குடியிருப்பில் நாட்டின் முதல் குடியிருப்புப் பகுதி நலவாழ்வு மையத்தைத் திறந்தனர். கைகர் தம் மாணவப் பருவத்தில் தென்னாப்பிரிக்காவின் போலேலா கிராமத்தில் சிட்னி கார்க், எமிலி கார்க் இணையர் 1940 முதல் நடத்திவந்த நலவாழ்வு மையத்தைக் கண்டு கற்றவர். உலகின் வறிய மூலையில் உருவான ஒரு முறை செல்வ நாட்டின் சேரிக்குச் சென்றது கவனிக்கத்தக்கது. 1966 இல் இம்மையத்தைப் பார்வையிட்ட செனட்டர் எட்வர்ட் கென்னடி, இத்தகைய மையங்களுக்கெனத் தனி நிதி ஒதுக்கும் சட்டத்திருத்தத்தைக் கொண்டுவந்தார்.

லிங்கன் மருத்துவமனை

இம்மருத்துவமனையின் தோற்றம் 1839 ஆம் ஆண்டுக்குச் செல்கிறது. முதுமையடைந்த வறிய கறுப்பின மக்களுக்கான இல்லமாக மன்ஹாட்டனில் தொடங்கப்பட்ட நிறுவனமே பின்னர் மருத்துவமனையாக வளர்ந்து, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்க்சுக்கு இடம்பெயர்ந்தது. கறுப்பினப் பெண்களுக்கான செவிலியர் பள்ளி ஒன்று 1898 முதல் 1961 வரை இங்கு இயங்கியது. 1925 இல் நகர அரசு மருத்துவமனையை வாங்கியது.

1960களின் இறுதியில் அதன் கட்டடம் மிகவும் பாழடைந்திருந்தது. இடித்துவிட்டுப் புதிது கட்ட வேண்டும் என நகர அரசே வெகுகாலத்திற்கு முன்னர் முடிவு செய்திருந்தும் பணி தொடங்கப்படவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவு நாட்டிலேயே மிக நெரிசலானவற்றுள் ஒன்றாக இருந்தது. வந்தோருள் பலர் ஸ்பானிய மொழி மட்டுமே அறிந்தவர்கள்; மொழிபெயர்ப்பாளர் போதிய அளவில் இல்லாமையால் வாயில்காப்போரும் துப்புரவுப் பணியாளர்களும் நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே மொழிபெயர்த்தனர். அப்பகுதி மக்கள் மருத்துவமனையைக் 'கசாப்புக் கடை' என்றே அழைத்தனர்.

மனநலப் பிரிவுப் பணியாளர்கள், 1969

லிங்கனின் மனநலப் பிரிவு அக்காலத்தில் நாடெங்கும் புகழ்பெற்ற ஒரு புதுமையாகும். தெருவோரக் கடைகளை வாடகைக்கு எடுத்து அங்கு அண்டைச் சேவை மையங்கள் நிறுவப்பட்டன. அப்பகுதியைச் சேர்ந்த, பட்டம் பெறாத கறுப்பின மற்றும் புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் அவற்றில் மனநலப் பணியாளராக நியமிக்கப்பட்டனர். வருவோர் பெரும்பாலும் வெப்பமூட்டி இயங்காத வீடு, நிறுத்தப்பட்ட உதவித்தொகை, வேலையின்மை ஆகியவற்றைப் பற்றியே பேசினர். பணியாளர்கள் அவர்களோடு வீட்டுவசதி அலுவலகத்துக்கும் உதவித்தொகை அலுவலகத்துக்கும் சென்றனர்.

சிக்கல் இங்குதான் எழுந்தது. பணியை அறிந்தவர்கள் இப்பணியாளர்கள். பணியைத் தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையினத்தவரான உளநோய் மருத்துவர்கள். பணியாளருக்குப் பதவி உயர்வுக்கு வழியில்லை. வீட்டுக்காரரோடு சண்டையிடுவது மனநலப் பணியா என்ற கேள்வியும் மேலிருந்து வந்தது. 1969 மார்ச்சில் பணியாளர்கள் நிருவாக அலுவலகத்தைக் கைப்பற்றி, சேவையைத் தாமே நடத்தப்போவதாக அறிவித்தனர். வேலைநிறுத்தம் செய்து கதவை மூடாமல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நிருவாகத்தை மட்டும் மாற்ற முயன்றது இப்போராட்டத்தின் சிறப்பாகும். போராட்டம் சில வாரங்களில் முடிவுக்கு வந்தது. பணியாளருக்கு முழு அதிகாரம் கிடைக்கவில்லை. எனினும் மருத்துவமனைப் பணியாளரும் நோயாளியரும் ஒரே பகுதி மக்களே என்ற எண்ணம் இதன்பின் வலுப்பெற்றது.

யங் லார்ட்ஸ்

சிகாகோவில் தெருக்குழுவாகத் தோன்றி 1968 இல் அரசியல் அமைப்பாக மாறிய யங் லார்ட்ஸின் நியூயார்க் கிளை 1969 சூலையில் தொடங்கப்பட்டது. உறுப்பினர்களுள் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள். கிழக்கு ஹார்லெம் மக்களிடம் அவர்களின் முதற்குறை எதுவென இவர்கள் கேட்டபோது கிடைத்த விடை 'குப்பை' என்பதாகும். புரட்சியைப் பற்றிப் பேச வந்தவர்கள் துடைப்பத்தை எடுத்தனர். நகரத் துப்புரவுத் துறை கருவிகள் தர மறுத்ததும், அள்ளிய குப்பையைச் சாலை நடுவே குவித்துப் போக்குவரத்தை மறித்தனர்.

அடுத்து ஈய நஞ்சு. பழைய வீடுகளின் சுவரிலிருந்து உரியும் ஈயச்சாயத் துணுக்குகளைக் குழந்தைகள் தின்றனர். ஈயம் மூளையைத் தாக்கி அறிவு வளர்ச்சியைக் கெடுக்கும். மிகுந்தால் உயிரையும் பறிக்கும். வீட்டின் உட்சுவர்களில் ஈயச்சாயம் பூசுவதை நியூயார்க் 1960 இலேயே தடைசெய்திருந்தது. ஆனால் ஏற்கனவே பூசப்பட்டதை அகற்றுவார் இல்லை. பரிசோதனைப் பொருட்கள் நலத்துறையின் கிடங்கில் பயன்படாமல் கிடந்தன. 1969 நவம்பரில் யங் லார்ட்ஸ் நலத்துறை அலுவலகத்தில் அமர்ந்து மறியல் செய்து 200 பரிசோதனைப் பொதிகளைப் பெற்று, மருத்துவ மாணவர்களின் துணையுடன் வீடுவீடாகச் சென்று குழந்தைகளைப் பரிசோதித்தனர். 1970 இல் நகர அரசு ஈய நஞ்சுக் கட்டுப்பாட்டுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது.

1970 சூன் 17 அன்று காசநோய்க் கதிர்ப்பட வண்டி ஒன்றை இவர்கள் கைப்பற்றினர். மக்கள் வேலையிலிருந்து திரும்பும் நேரத்தில் அவ்வண்டி தம் பகுதிக்கு வருவதில்லை என்பதே இவர்களின் குறை. நெருக்கடிக்கு உள்ளான நலத்துறை, வண்டியை வாரம் ஏழு நாளும் நாளொன்றுக்கு 12 மணி நேரம் இயக்க இசைந்தது. 19 ஆம் நூற்றாண்டில் அடிமை முறையை எதிர்த்த புவேர்ட்டோ ரிக்கோ மருத்துவர் ரமோன் எமெட்டேரியோ பெத்தான்செசின் பெயர் வண்டிக்குச் சூட்டப்பட்டது. கருவியும் வல்லுநரும் பழையவையே. மாறியது நேரமும் இடமும் மட்டுமே. ஆளுகை என்பது நடைமுறையில் எவ்வளவு எளிய விடயங்களைப் பற்றியது என்பதற்கு இவ்வண்டியைவிடச் சிறந்த சான்று காண்பது அரிது.

1970 சூலை 14

இதற்கிடையே லிங்கன் மருத்துவமனைக்குள் இரு அமைப்புகள் வளர்ந்திருந்தன. ஒன்று, நலவாழ்வுப் புரட்சிகர ஒற்றுமை இயக்கம் என்னும் பணியாளர் அமைப்பு. மற்றொன்று, பணியாளரும் நோயாளியரும் பகுதி மக்களும் இணைந்த 'லிங்கனைச் சிந்தி' குழு. இக்குழு மருத்துவமனையின் உள்ளே ஒரு மேசையை இட்டு நோயாளிகளின் முறையீடுகளை எழுதிப் பெற்றது. முறையீட்டைப் பெற்றவர்கள் அதனைக் கோப்பில் வைக்கவில்லை. நோயாளியை அழைத்துக்கொண்டு உரிய மருத்துவரிடமோ அலுவலரிடமோ அப்போதே சென்றனர்.

1970 சூலை 14 அன்று விடியற்காலையில் யங் லார்ட்ஸ் உறுப்பினரும் ஆதரவாளருமாக ஏறத்தாழ 150 பேர் மருத்துவமனை வளாகத்திலிருந்த பழைய செவிலியர் இல்லத்தைக் கைப்பற்றினர். நோயாளிகள் இருந்த பிரிவுகளை அவர்கள் தொடவில்லை. கட்டடத்தின்மேல் புவேர்ட்டோ ரிக்கோ கொடி பறந்தது. 'மக்கள் மருத்துவமனைக்கு நல்வரவு' என ஸ்பானிய மொழியில் எழுதிய பதாகை தொங்கியது. உள்ளே காசநோய், ஈய நஞ்சு, இரத்தச்சோகை ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் குழந்தைகள் பகற்காப்பிடமும் அன்றே தொடங்கப்பட்டன.

அவர்களின் கோரிக்கைகள் வருமாறு: நிதிக் குறைப்பு கூடாது, புதிய கட்டடப் பணி உடனே தொடங்க வேண்டும், வீடுவீடாகச் செல்லும் நோய்த்தடுப்புப் பணி வேண்டும், பணியாளர் அனைவருக்கும் வாரம் 140 டாலர் குறைந்த ஊதியம் வேண்டும், பகற்காப்பிடம் வேண்டும், 24 மணி நேர முறையீட்டு மேசை நிலையாக இருக்க வேண்டும், இவை அனைத்துக்கும் மேலாக, பகுதி மக்களும் பணியாளரும் கொண்ட குழுவிடம் நலவாழ்வுச் சேவைகளின் ஆளுகை ஒப்படைக்கப்பட வேண்டும்.

பேச்சுவார்த்தை முறிந்து காவல்துறையினர் கட்டடத்தைச் சூழ்ந்தபோது, உள்ளே இருந்தோர் பலர் வெள்ளை மேலங்கி அணிந்து மருத்துவர்களோடு மருத்துவர்களாக வெளியேறிவிட்டனர். ஏறத்தாழ 12 மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

அதே மாதத்தில்தான் மருத்துவர்கள் வழியாகவும் மாற்றம் நுழைந்தது. வறிய மக்களுக்குப் பணியாற்ற விரும்பிய ஏறத்தாழ முப்பது இளம் மருத்துவர்கள், பயிற்சிக்காகக் கூட்டாக லிங்கனைத் தேர்ந்தெடுத்து வந்தனர். இவர்கள் 'லிங்கன் கூட்டு' என அறியப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ஃபிட்சூ முல்லன் இவ்வனுபவங்களைப் பற்றி 1976 இல் ஒரு நூல் எழுதினார்.

ஒரு மரணமும் அதன் விசாரணையும்

நியூயார்க் மாநிலத்தில் கருக்கலைப்பு 1970 சூலை 1 முதல் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அம்மாதமே லிங்கனில் கருக்கலைப்புச் செய்துகொண்ட புவேர்ட்டோ ரிக்கோப் பெண் ஒருவர் இறந்தார். அவருக்கு வாதக் காய்ச்சலால் இதயநோய் இருந்தது. அது மருத்துவமனையின் பதிவேட்டிலேயே எழுதப்பட்டிருந்தும் சிகிச்சையில் கருத்திற் கொள்ளப்படவில்லை.

மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் அதன் காரணத்தை மருத்துவர்கள் தமக்குள் கூடி ஆராய்வது வழக்கம். அக்கூட்டத்தில் வெளியார்க்கு இடமில்லை. இம்முறை பகுதி மக்களும் பணியாளரும் அக்கூட்டத்தைத் தம் முன்னிலையில் நடத்த வேண்டும் என வற்புறுத்தினர், அவ்வாறே நடந்தது. மருத்துவர்கள் தம் முடிவுகளுக்கான காரணங்களை மருத்துவம் அறியாதோர் முன் விளக்க நேர்ந்தது. மகப்பேற்றுப் பிரிவின் தலைவர் பதவி விலக வேண்டும் என்ற கோரிக்கை அதிலிருந்து எழுந்தது. அப்பிரிவின் மருத்துவர்கள் எதிர்ப்புத் தெரிவித்துப் பணியிலிருந்து வெளியேறினர். அவர்களுள் பலர் வெளிநாடுகளில் பயின்று வந்து, தாமும் பாதுகாப்பற்ற நிலையில் பணியாற்றியவர்கள் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். நிருவாகம் நீதிமன்றத்தை நாடிப் போராட்டக்காரருக்குத் தடையாணை பெற்றது.

நோயாளியின் உறவினர் பதிவேட்டைப் பார்க்கலாமா, மருத்துவரிடம் ஏன் என்று கேட்கலாமா என்ற வினாக்கள் இன்று இயல்பாகத் தோன்றலாம். அன்று அவை கலகமாகக் கருதப்பட்டன. தமக்கு என்ன சிகிச்சை அளிக்கப்படுகிறது என அறியவும், சிகிச்சையை மறுக்கவும், தம் பதிவேட்டைக் காணவும் நோயாளிக்கு உரிமை உண்டு எனக் கூறும் உரிமைப் பட்டியலைப் பணியாளர் இயக்கமும் யங் லார்ட்ஸும் வெளியிட்டன. அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் தனது நோயாளர் உரிமைப் பட்டியலை ஏற்றது 1973 இல் ஆகும்.

குழந்தைகள் பிரிவிலும் 1970 இன் இறுதியில் தலைமை மாறியது. முன்னிருந்த தலைவர் திறமை குன்றியவர் எனக் கூறப்படவில்லை. அவர் யூதர் என்பதால் விலக்கப்பட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்து நகரெங்கும் விவாதமாயிற்று. மக்கள் ஆளுகையை ஆதரிப்போர் எளிதில் கடந்து செல்ல இயலாத நிகழ்வு இது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற எலன் ரொட்ரிகஸ் திரியாஸ், பெண்களின் இசைவைப் பெறாமல் கருத்தடை அறுவை செய்வதை எதிர்த்து இயக்கம் நடத்தியவர். நியூயார்க் நகர மருத்துவமனைகளில் அத்தகைய அறுவைக்கு முன் 30 நாள் காத்திருப்பு 1975 இல் விதிக்கப்பட்டதில் அவ்வியக்கத்துக்கு முக்கிய பங்குண்டு. 1993 இல் அவர் அமெரிக்கப் பொது நலவாழ்வுச் சங்கத்தின் தலைவரானார்.

போதை மீட்பு மையம்

தெற்கு பிரான்க்சில் அக்காலத்தில் எரோயின் பழக்கம் கொள்ளை நோய்போற் பரவியிருந்தது. லிங்கனில் அதற்கெனச் சிகிச்சைப் பிரிவு இல்லை. 1970 நவம்பர் 10 அன்று யங் லார்ட்ஸும் பணியாளர் இயக்கமும் பிற அமைப்புகளும் செவிலியர் இல்லத்தின் ஆறாம் மாடியில் நுழைந்து மீட்பு மையம் ஒன்றைத் தொடங்கின. சிலர் கைது செய்யப்பட்டனர். ஆயினும் நோயாளிகள் வந்தவண்ணம் இருந்தமையால், நகர அரசு பின்னர் அம்மையத்தை ஏற்று நிதியளித்தது.

தொடக்கத்தில் மெத்தடோன் மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பழக்கத்தை நிறுத்தும் முறை பின்பற்றப்பட்டது. பணியாளருள் பலர் தாமே அப்பழக்கத்திலிருந்து மீண்டவர்கள். போதை ஏன் வறிய தெருக்களில் மட்டும் இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பது பற்றிய அரசியல் வகுப்புகளும் சிகிச்சையின் பகுதியாக இருந்தன. ஒங்கொங் மருத்துவர் ஒருவர் காதில் ஊசியிடுவதன் மூலம் அபின் பழக்கத்தின் விலகல் துன்பம் குறைவதாக 1970களின் தொடக்கத்தில் எழுதியதை அறிந்து, இவர்களும் அக்குபங்சர் முறையைக் கற்றனர். காதில் ஐந்து இடங்களில் ஊசியிடும் முறை இங்குதான் வடிவம் பெற்றுப் பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. அதன் பயன் பற்றிய மருத்துவச் சான்றுகள் இன்றளவும் உறுதியானவையாக இல்லை.

1978 நவம்பரில், மேயர் எட்வர்ட் கோச்சின் நிருவாகம் நிதி முறைகேட்டைக் காரணங்காட்டி, காவல்துறையின் துணையுடன் மையத்தின் தலைமைப் பணியாளர்களை வெளியேற்றியது. மையம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. ஊசிமுறை தொடர்ந்தது; அரசியல் வகுப்பு நின்றது.

கருஞ்சிறுத்தைகளின் மருந்தகங்கள்

அரசு நிறுவனத்தைக் கைப்பற்றுவது ஒரு வழி. தனியாக ஒன்றைத் தொடங்குவது மற்றொரு வழி. கருஞ்சிறுத்தைகள் கட்சி இரண்டாம் வழியை மேற்கொண்டது. ஒவ்வொரு கிளையும் இலவச மருந்தகம் ஒன்றை நடத்த வேண்டும் என அக்கட்சி 1970 இல் விதித்தது. பத்துக்கு மேற்பட்ட நகரங்களில் அவை திறக்கப்பட்டன. பெரும்பாலும் கறுப்பின மக்களைத் தாக்கும் அரிவாள் உயிரணுச் சோகைக்கான பரிசோதனையை அக்கட்சி 1971 முதல் பெருமளவில் நடத்தியது. கூட்டரசு 1972 இல் அந்நோய்க்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இம்மருந்தகங்களில் ஆளுகைச் சிக்கல் எழவில்லை. பணச் சிக்கல் எழுந்தது. தன்னார்வ மருத்துவர்களையும் நன்கொடையையும் நம்பியிருந்த அவற்றுள் பெரும்பாலானவை 1970களிலேயே மூடப்பட்டன. சியாட்டில் நகரில் தொடங்கப்பட்டது கரோலின் டவுன்ஸ் குடும்ப மருத்துவ மையம் என்ற பெயரில் நிலைத்து நின்றது.

சட்டத்தில் இடம்பெற்றவை

நியூயார்க்கின் பொது மருத்துவமனைகளை நடத்த ஒரு கழகம் 1969 இன் சட்டப்படி உருவாக்கப்பட்டு 1970 சூலை 1 அன்று பணி தொடங்கியது. அதாவது லிங்கன் கைப்பற்றலுக்கு இரு வாரங்களுக்கு முன்பு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் சமூக ஆலோசனைக் குழு ஒன்று வேண்டும் என அச்சட்டம் கூறியது. பெயருக்கேற்ப அக்குழு ஆலோசனை கூறலாம். வரவுசெலவை நிறுத்தவோ இயக்குநரை நீக்கவோ அதற்கு அதிகாரமில்லை. ஆர்ன்ஸ்டீனின் ஏணியில் இது நடுப்படி.

கொலம்பியா பாயிண்ட் வழியில் வந்த நலவாழ்வு மையங்களுக்கு வாய்த்த சட்டம் இதினும் வலியது. 1975 இல் பொது நலவாழ்வுச் சேவைச் சட்டத்தின் 330 ஆம் பிரிவில் செய்யப்பட்ட திருத்தம், கூட்டரசின் உதவி பெறும் ஒவ்வொரு மையத்தின் ஆட்சிக் குழுவிலும் பெரும்பான்மையோர் அம்மையத்தில் சிகிச்சை பெறுவோராக இருக்க வேண்டும் என விதித்தது. குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும். எவ்வெச் சேவைகள், எந்நேரம் திறந்திருப்பது என்பவற்றை அது முடிவு செய்யும். வரவுசெலவுக்கும் இயக்குநரின் நியமனத்துக்கும் அதன் ஒப்புதல் வேண்டும். நோயாளர் அல்லாத உறுப்பினருள்ளும், தம் வருவாயில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மருத்துவத் துறையிலிருந்து பெறுவோர் பாதிக்கு மிகக்கூடாது. மருத்துவர்கள் குழுவைக் கையகப்படுத்துவதைத் தடுக்கவே இவ்விதி. ஏறத்தாழ 1,400 அமைப்புகள் இவ்விதிப்படி இயங்குகின்றன. 2023 இல் அவற்றில் சிகிச்சை பெற்றோர் 3 கோடிக்கு மேற்பட்டோர்.

கட்டடத்தைக் கைப்பற்றியவர்கள் கேட்டதற்கு மிக நெருங்கிய ஏற்பாடு, அமைதியாக நிறைவேறிய இத்திருத்தத்திலேயே உள்ளது என்பது வியப்புக்குரியது. எனினும் வேறுபாடு ஒன்றுண்டு. நலவாழ்வு மையங்கள் சிறியவை. தொடக்கநிலைச் சிகிச்சை மட்டுமே அளிப்பவை. பெரும் பணமும் பெரும் அறுவைகளும் உள்ள மருத்துவமனைகளின் ஆளுகை நோயாளிகளிடம் ஒப்படைக்கப்படவில்லை.

சிக்கல்கள்

'மக்கள்' என்பவர் யார் என்பது முதற்சிக்கல். தேர்தல் நடத்தினால் வாக்களிப்போர் சிலரே. நடத்தாவிடில் உரக்கப் பேசுவோரே மக்களாகிவிடுவர். லிங்கனில் போராடியோர் பெரும்பாலும் இளைஞர்கள். காத்திருப்பறையில் இருந்தோர் பெரும்பாலும் தாய்மாரும் முதியோரும். முறையீட்டு மேசை இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியது. இன்றைய ஆட்சிக் குழுக்களிலும் இச்சிக்கல் உண்டு. குழுக்களில் இடம்பெறும் நோயாளர் பலர், பொதுவாக மையத்துக்கு வரும் நோயாளரைவிடக் கல்வியிலும் வருவாயிலும் மேம்பட்டவர் எனச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன.

அடுத்தது மருத்துவ அறிவு. எந்த மருந்தைத் தருவது என்பதை வாக்கெடுத்து முடிவு செய்ய இயலாது. இதனை மறுத்தவர் மிகச் சிலரே. ஆனால் எல்லை எங்கே என்பதில்தான் கருத்து வேற்றுமை. மருந்தகம் மாலையில் திறந்திருக்க வேண்டுமா என்பது மருத்துவ அறிவு சார்ந்ததன்று. பதிவேட்டைப் படிக்காமல் சிகிச்சையளிப்பது சரியா என்பதற்கும் மருத்துவப் பட்டம் தேவையில்லை. நடைமுறையில் மருத்துவர்கள் தம் எல்லைக்குள் உரியது எனக் கோரியவற்றுட் பெரும்பகுதி நிருவாக முடிவுகளே என்பதை லிங்கன் நிகழ்வுகள் வெளிப்படுத்தின.

மூன்றாவது சிக்கல் பணத்தைப் பற்றியது. இதற்கு எவரும் முழுமையான விடை கண்டதாகத் தெரியவில்லை. வறிய பகுதியின் மருத்துவமனையை அப்பகுதி மக்களின் பணத்தால் நடத்த முடியாது. பணம் நகர, மாநில, கூட்டரசுகளிடமிருந்து வர வேண்டும். கொடுப்பவர் நிறுத்தவும் கூடும். 1975 இல் நியூயார்க் நகரம் கடும் நிதி நெருக்கடிக்கு உள்ளானபோது பொது மருத்துவமனைகளின் செலவு வெட்டப்பட்டது. எந்த ஆலோசனைக் குழுவாலும் அதனைத் தடுக்க இயலவில்லை.

பிற்காலம்

லிங்கன் மருத்துவமனையின் புதிய கட்டடம் 1976 இல் 149 ஆம் தெருவை ஒட்டித் திறக்கப்பட்டது. கைப்பற்றப்பட்ட செவிலியர் இல்லம் பழைய வளாகத்தோடு கைவிடப்பட்டது. யங் லார்ட்ஸ் அமைப்பு உட்பூசலாலும் காவல்துறையின் ஊடுருவலாலும் 1970களின் நடுப்பகுதிக்குள் சிதைந்தது.

இவ்வமைப்பைக் கண்காணித்த காவல்துறையின் கோப்புகளைக் காண வரலாற்றாய்வாளர் ஜொகான்னா பெர்னாண்டஸ் வழக்குத் தொடுத்தார். காணாமற்போயின எனக் கூறப்பட்ட ஆவணங்கள் 2016 இல் நகரின் கிடங்கு ஒன்றில் பெட்டி பெட்டியாகக் கண்டெடுக்கப்பட்டன. அவரது நூல் 2020 இல் வெளிவந்தது. 1970 சூலை 14 நிகழ்வைப் பற்றி எம்மா பிரான்சிஸ்-சுனைடர் இயக்கிய 'டேக்ஓவர்' என்னும் ஆவணப்படம் 2021 இல் வெளியாயிற்று. கைப்பற்றலில் பங்குகொண்டோர் சிலர் அதில் தம் நினைவுகளைக் கூறியுள்ளனர்.